‘கணக்கு வேண்டாம்’ என்கிற குழந்தை எங்கே இடறுகிறது?

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் கணக்குப் பாடம் பற்றி வாசகர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: மகள் ஒன்றாம் வகுப்பு. ஒன்று முதல் நூறு வரை தடங்கலில்லாமல் சொல்கிறாள். ஆனால் ‘நாலும் மூணும் எத்தனை?’ என்று கேட்டால் முழிக்கிறாள், உடனே பேச்சை மாற்றுகிறாள். ‘கணக்கில் ஆர்வமே இல்லை’ என்கிறார் டீச்சர். ஆர்வத்தை எப்படி வரவழைப்பது?

பதில்: ஆர்வத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அவளுக்கு என்ன தெரியும் என்று முதலில் பாருங்கள். நூறு வரை சொல்வது பாட்டு ஒப்பிப்பதைப் போன்றது. அதை வைத்து எண்ணத் தெரியும் என்று முடிவுகட்ட முடியாது.

எட்டுப் பொத்தான்களை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். ‘எட்டு’ என்று முடித்ததும், ‘அப்போ மொத்தம் எத்தனை?’ என்று கேளுங்கள். சட்டென்று ‘எட்டு’ என்றால் நல்லது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தின் அளவு என்பது இன்னும் பிடிபடவில்லை. அடுத்து, அவள் கண் முன்னாலேயே பொத்தான்களை அகலமாகப் பரப்பிவிட்டு, ‘இப்போ எத்தனை?’ என்று கேளுங்கள். ‘நிறைய ஆயிடுச்சு’ என்று பதில் வந்தால், இடம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்பது தெளியவில்லை. மூன்றாவதாக, ஒரு குவியலைக் காட்டி ‘ஏழு எடுத்துக் கொடு’ என்று கேளுங்கள். ஏழில் நிறுத்தாமல் கை நிறைய அள்ளித் தருகிறாளா?

இந்த மூன்றில் எதில் தடுமாறினாலும் கூட்டலை இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள். தினமும் பத்து நிமிடம் எண்ணுவது மட்டும் போதும். பொருளைத் தொட்டால் போதாது, எண்ணியதை ஒரு பக்கமாக நகர்த்தி வைக்க வேண்டும். வாய் ஓடிவிடும், விரல் பின்தங்கும். அல்லது ஒரே பொத்தானை இரண்டு தடவை எண்ணிவிடுவார்கள். இந்த வயதில் வரும் பிழைகளில் பெரும்பகுதி இவைதான். நகர்த்தி வைத்தால் இரண்டும் குறையும்.

கூடவே புள்ளி அட்டைகள் செய்துகொள்ளுங்கள். மூன்று, நான்கு பொருள்கள் வரை எண்ணாமலே பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். அதற்கு மேல் கண்ணுக்கு ஒரு அமைப்பு வேண்டும். மேலே ஐந்து, கீழே ஐந்து என்று பத்துக் கட்டம் போட்டு, ஏழு என்றால் மேல் வரிசை முழுவதும் புள்ளி வைத்துக் கீழே இரண்டு புள்ளி வையுங்கள். இரண்டு விநாடி காட்டி மூடிவிட்டு, ‘எத்தனை?’ என்று கேளுங்கள். பிறகு, ‘எப்படித் தெரிஞ்சுது?’ என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ‘அஞ்சும் ரெண்டும்’ என்பாள், சில நாளில் ‘பத்துக்கு மூணு குறையுது’ என்பாள். அன்றைக்குக் கூட்டலும் கழித்தலும் தாமாகவே தொடங்கிவிட்டன என்று அர்த்தம்.

கேள்வி: எண்பத்தொன்பது வரை சரியாக வருகிறான். அடுத்து நூறு என்கிறான், இல்லாவிட்டால் ‘ஒன்பது’ என்கிறான். கவனக்குறைவா?

பதில்: பையன் மீது குற்றமில்லை, மொழிதான் அங்கே வளைகிறது. இருபது, முப்பது, எழுபது, எண்பது என்று எல்லாம் ‘பது’வில் முடிந்துகொண்டே வந்து, திடீரென்று தொண்ணூறு என்று ‘நூறு’ காதில் விழுகிறது. ‘பது’வில் முடிகிற ஒன்பதோ வெறும் 9. நூறுகளிலும் இதே கதைதான். எழுநூறு, எண்ணூறு என்று வந்து 900க்குத் தொள்ளாயிரம் என்கிறோம். ‘தொள்ளாயிரத்து ஐந்து’ என்றதும் குழந்தை 9005 என்று எழுதினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 90, 900 இரண்டையும் தனியாக எடுத்து, ‘ஒன்பது பத்து, அதுக்குப் பேர் தொண்ணூறு, ஒன்பது நூறு, அதுக்குப் பேர் தொள்ளாயிரம்’ என்று பத்துப் பத்தாகவும் நூறு நூறாகவும் கட்டிய குச்சிக் கட்டுகளைக் காட்டிச் சொல்லிக் கொடுங்கள்.

மற்றபடி தமிழ் எண் பெயர்கள் குழந்தைக்கு உதவியானவை. பதினாறில் பத்து முதலில், ஆறு பிறகு. எழுதுவதும் அதே வரிசையில். ஆங்கிலத்தில் ‘சிக்ஸ்டீன்’ என்னும்போது ஆறு முன்னால் வந்துவிடுவதால் சில குழந்தைகள் 61 என்று எழுதுவார்கள். ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ குழப்பம் வேறு. ஆங்கிலவழியில் படிக்கும் குழந்தை 11 முதல் 19 வரை தடுமாறினால், அந்த எண்களை ஒருமுறை தமிழிலும் சொல்லவையுங்கள்.

கேள்வி: இரண்டாம் வகுப்புக்கு வந்தும் விரல் விட்டுத்தான் எண்ணுகிறான். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். விரல் பழக்கத்தை எப்படி நிறுத்துவது?

பதில்: நிறுத்தாதீர்கள். விரலைப் பிடுங்கினால் அவன் மேசைக்கு அடியில் எண்ணுவான், அதுவும் முடியாவிட்டால் குத்துமதிப்பாக எதையாவது சொல்வான். விரல் இருக்கட்டும், அதை வைத்து எண்ணும் விதம் மாறட்டும்.

3 + 8 என்று கொடுத்துவிட்டுப் பேசாமல் கவனியுங்கள். மூன்று விரல், பிறகு எட்டு விரல், பிறகு எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணினால் அது முதல் நிலை. விரல் பத்துதான் என்பதால் இந்தக் கணக்கிலேயே திணறுவான். ‘மூணு’ என்று மனத்தில் வைத்துக்கொண்டு எட்டு விரல் எண்ணினால் இரண்டாம் நிலை. தானாகவே திருப்பிப் போட்டு, எட்டை மனத்தில் வைத்து ‘ஒன்பது, பத்து, பதினொண்ணு’ என்றால் மூன்றாம் நிலை. ஒவ்வொரு நிலையாகத்தான் ஏற முடியும்.

முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்குப் போக ஒரு வழி இருக்கிறது. எட்டுப் பொத்தானை அவன் எண்ணிய பிறகு ஒரு கிண்ணத்தால் மூடிவிடுங்கள். கிண்ணத்தின் மேல் ‘8’ என்று எழுதிய சீட்டு. வெளியே மூன்று பொத்தான். உள்ளே இருப்பது தெரியாததால் எண்ண முடியாது, ‘எட்டு’ என்று கிண்ணத்தைத் தட்டிவிட்டு மேலே போகத்தான் வேண்டும். இங்கே ஒரு பிழை வரும், காத்திருங்கள். 8 + 5க்கு 12 என்பான். முதல் விரலை நீட்டும்போதே ‘எட்டு’ என்று சொல்லிவிடுவதால் வருகிற ஒன்று குறைவு அது. ‘எட்டு’ சொல்லும்போது நெற்றியைத் தொட வேண்டும், முதல் விரலுக்கு ‘ஒன்பது’ என்று வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

அதன் பிறகு பத்தின் ஜோடிகள்: 9-1, 8-2, 7-3, 6-4, 5-5. இந்த ஐந்தும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். இவை வந்துவிட்டால் 8 + 5க்கு ‘எட்டுக்கு ரெண்டு குடுத்தா பத்து, மிச்சம் மூணு’ என்று பிரிக்கலாம். 6 + 6 போன்ற இரட்டைகள் வந்துவிட்டால் 6 + 7 அதைவிட ஒன்று கூட. இந்தக் கட்டத்தில் விரல் தானாகவே மடங்கிவிடும்.

கேள்வி: 52 − 38 என்றால் 26 என்று எழுதுகிறாள். நூறு தடவை சொல்லிக் கொடுத்தும் அதே தப்பு. சுழியம் வந்தால் கேட்கவே வேண்டாம். கழித்தல் என்றாலே இப்போது அழுகை.

பதில்: இது கவனக்குறைவில் வரும் தப்பு அல்ல. அவள் ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறாள்: ஒவ்வொரு வரிசையிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழி. 2இலும் 8இலும் 8 பெரிது, ஆகவே 6. 5இல் 3 போனால் 2. சின்ன வயதில் ‘சின்னதிலேர்ந்து பெருசு போகாது’ என்று நாமே சொல்லிக் கொடுத்த பாடம் இப்படித் திரும்பி வருகிறது. அதே கணக்கை நூறு தடவை போடச் சொன்னால் அதே தப்பை நூறு தடவை பழக்கியதாகத்தான் ஆகும்.

குச்சிகள் ஐம்பத்திரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு ஐந்து கட்டு, இரண்டு உதிரி. கட்டுகளை அவளே கட்ட வேண்டும். நாம் கட்டிக் கொடுத்தால் உள்ளே பத்து இருக்கிறது என்பது வெறும் நம்பிக்கையாகவே நிற்கும். இப்போது ‘முப்பத்தெட்டு எனக்கு வேணும்’ என்று கையை நீட்டுங்கள். மூன்று கட்டைத் தருவாள், பிறகு எட்டு உதிரிக்கு இரண்டே இருக்கிறது என்று விழிப்பாள். எதுவும் சொல்லாமல் இருங்கள். சிலர் அரை நிமிடத்தில், சிலர் இரண்டு நிமிடத்தில் ஒரு கட்டை அவிழ்ப்பார்கள். அந்த இரண்டு நிமிடம் பொறுத்திருப்பதுதான் பெற்றோருக்குக் கடினமான வேலை. அவிழ்த்ததும் அவள் தந்த மூன்று கட்டையும் திருப்பிக் கொடுத்து, நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி என்று எல்லாவற்றையும் மறுபடி அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள். பன்னிரண்டில் எட்டு போக நான்கு, நான்கு கட்டில் மூன்று போக ஒன்று. மிச்சம் 14.

குச்சியைக் கையாளும் அதே நேரத்தில் நோட்டிலும் எழுத வேண்டும். ஒரு கட்டு அவிழும்போதே 5ஐ அடித்து 4, 2ஐ அடித்து 12. குச்சி ஒருநாள், நோட்டு இன்னொரு நாள் என்று பிரித்தால் இரண்டும் தொடர்பில்லாத இரண்டு பாடங்களாகிவிடும். குச்சி முறை ‘வேலை செய்யவில்லை’ என்று பலர் சொல்வது இதனால்தான். ஒரு வாரம் கழித்துக் குச்சிக்குப் பதில் படம்: கட்டுக்கு ஒரு கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி. அதற்கடுத்த வாரம் எண் மட்டும்.

‘கடன் வாங்கு’ என்ற சொல்லையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். கடன் என்றால் திருப்பித் தர வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். இங்கே யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை. ‘கட்டை அவிழ்’ என்பது நடப்பதை நடந்தபடி சொல்கிறது.

சுழியத்துக்கு 403 − 157 எடுத்துக்கொள்வோம். பழைய விதிப்படி போட்டால் 354 வரும். கடன் வாங்கத் தெரிந்த குழந்தை பெரும்பாலும் 256 என்று எழுதும். காரணம்: நூறிலிருந்து வந்த பத்துக் கட்டுகளில் ஒன்றை ஒன்றுகளின் பக்கம் அனுப்பிவிட்டு, மீதி ஒன்பது என்பதை மறந்து பத்தாகவே வைத்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு நோய்கள், ஒரே மருந்து ஆகாது. முதலாவதற்கு 52 − 38 வகைக்கே திரும்பிப் போக வேண்டும். இரண்டாவதற்கு, பத்துக் கட்டுகளைச் சேர்த்துப் பெரிய நூறு கட்டாகக் கட்டி, முதலில் அதை அவிழ்த்து, பிறகு ஒரு சின்னக் கட்டை அவிழ்த்து, மூன்று நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று உதிரி என்று ஒருமுறை கண்ணால் பார்த்தால் போதும். விடை 246.

கணக்குப் போடும் முன் விடை எந்தப் பக்கம் இருக்கும் என்று ஊகிக்கச் சொல்வதும் நல்ல பழக்கம். 52 − 38 என்றால், ஐம்பதிலிருந்து நாற்பது போனால் பத்துப் பக்கம். 26 வந்தால் அவளுக்கே உறுத்தும்.

கேள்வி: வாய்ப்பாடு ராகம் போட்டுச் சொல்கிறான். ஆனால் ‘ஏழெட்டு?’ என்று இடையில் கேட்டால் ‘ஓரெட்டு எட்டு’ என்று முதலிலிருந்து வருகிறான். மூன்றாம் வகுப்பு.

பதில்: ராகம் கெட்டதல்ல. அது நினைவில் நிற்க உதவும், ஆனால் கதவு ஒரு பக்கம்தான் திறக்கும். ராகத்தோடு வேறு சிலவும் வேண்டும்.

முதலில் மலையைச் சின்னதாக்கிக் காட்டுங்கள். 10 × 10 கட்டம் போட்டால் நூறு பெருக்கல். 3 × 7ம் 7 × 3ம் ஒன்றே என்றால் 55 ஆகிறது. ஒன்றையும் பத்தையும் நீக்கினால் 36. இரண்டும் ஐந்தும் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், நீக்கினால் 21. ஒன்பதுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது: 9 × 7 என்பது எழுபதில் ஏழு குறைவு, 63. அதையும் நீக்கினால் 15. நான்கு என்பது இரட்டிப்பின் இரட்டிப்பு. 4 × 7க்கு 14, 28. மிஞ்சுவது பத்தே பத்து: 3 × 3, 3 × 6, 3 × 7, 3 × 8, 6 × 6, 6 × 7, 6 × 8, 7 × 7, 7 × 8, 8 × 8. கட்டத்தில் தெரிந்ததையெல்லாம் வண்ணம் அடித்துக்கொண்டே வந்து கடைசியில் வெள்ளையாக நிற்கும் பத்தைப் பார்க்கும்போது பையன்களின் முகம் மாறும். ‘இவ்ளோதானா?’ என்ற கேள்வியே பாதி ஊக்கம்.

அந்தப் பத்தையும் காரணத்தோடு கற்கலாம். கட்டத் தாளில் ஏழு வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம். ஐந்தாம் வரிசைக்குக் கீழே ஒரு கோடு. மேலே 40, கீழே 16. ஏழெட்டு 56 என்பது மறந்தாலும் திரும்பக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது என்று தெரிந்த குழந்தை பயப்படுவதில்லை.

பயிற்சிக்கு அட்டைகள். ஒரு தடவைக்குப் பத்து அட்டை. எட்டு நன்றாகத் தெரிந்தவை, இரண்டு புதியவை. மூன்று விநாடிக்குள் எண்ணாமல் வந்தால் தெரிந்தது என்று கொள்ளலாம். தப்பானால் திட்டாமல் விடையைச் சொல்லி, அவனையும் சொல்லவைத்து, அந்த அட்டையை இரண்டு அட்டைக்குப் பின்னால் செருகுங்கள். அடுத்த தடவை ஐந்து அட்டைக்குப் பின்னால். மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து. தினம் ஐந்து நிமிடம் செய்வது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்காரவைப்பதைவிட நிற்கும். பத்து அட்டையும் புதிதாகக் கொடுத்தால் முதல் நிமிடத்திலேயே நாலு தோல்வி, அதோடு ‘எனக்கு வராது’ வந்துவிடும். கடிகாரம் வைத்து வேகப் போட்டி நடத்துவது, விடை ஏற்கெனவே வருகிற குழந்தைக்கு விளையாட்டு. வராத குழந்தைக்குத் தண்டனை. அதை வகுப்பில் எல்லோர் முன்னாலும் செய்ய வேண்டாம்.

கேள்வி: பத்துக்குப் பத்து வாங்கினால் பரிசு என்று சொல்லிப் படிக்கவைக்கிறோம். சரியா?

பதில்: பார்த்துச் செய்யுங்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லப்பட்ட குழந்தைகள், சில நாள் கழித்துத் தாமாக வரையக் கிடைத்த நேரத்தில், மற்றவர்களில் பாதியளவுதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. பரிசைவிட முன்கூட்டிப் போடும் பேரம்தான் விருப்பத்தைக் கெடுக்கிறது. கணக்கையே தொடாத குழந்தையை உட்காரவைக்க முதல் வாரம் ஏதாவது தரலாம், தப்பில்லை. மதிப்பெண்ணுக்குத் தராதீர்கள், தந்தால் பக்கத்துப் பையன் நோட்டை எட்டிப் பார்க்கக் கற்றுக்கொள்ளும்.

பரிசைவிடத் தேர்வுரிமை நன்றாக வேலை செய்யும். பத்துக் கணக்கில் பிடித்த ஆறு போட்டால் போதும் என்று விடுங்கள். நாலு கணக்கை நீங்களே போட்டு, ஒன்றில் வேண்டுமென்றே தப்பு வைத்து, கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெரியவர்களின் தப்பைப் பிடிப்பதில் எந்தக் குழந்தைக்கும் அலுப்பு வராது. பாராட்டும்போது ‘நீ புத்திசாலி’ என்பதைவிட ‘பத்தாப் பிரிச்சுப் போட்டியே, அது நல்லா இருந்தது’ என்பது மேல். எதை மறுபடி செய்ய வேண்டும் என்று அதில் தெரிகிறது.

கேள்வி: ‘மொத்தம்’, ‘அதிகம்’ என்றால் கூட்டல், ‘மீதி’ என்றால் கழித்தல் என்று சொல்லிக் கொடுத்தேன். இப்போது வாக்கியக் கணக்கு எல்லாமே தப்பாகிறது.

பதில்: அந்தக் குறிச்சொல் பட்டியலைக் கிழித்துவிடுங்கள். ‘மீனாவிடம் 8 பென்சில். இது ரவியிடம் இருப்பதைவிட 3 அதிகம். ரவியிடம் எத்தனை?’ பட்டியல்படி 11, சரியான விடை 5. எண்களை மறைத்துவிட்டுக் கதையை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். ‘யாருகிட்ட அதிகம்?’ என்று கேட்டு, ஆளுக்கு ஒன்றாக இரண்டு பட்டை வரையவையுங்கள், அதிகம் உள்ளவருக்கு நீளமான பட்டை. எண்கள் கடைசியில் வரட்டும்.

கேள்வி: எனக்கும் சின்ன வயதில் கணக்கு வராது. மகனுக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தர உட்கார்ந்தால் இருவருக்கும் சண்டைதான். நான் ஒதுங்கிக்கொள்வது நல்லதா?

பதில்: வீட்டுப்பாடத்திலிருந்து ஒதுங்கலாம், கணக்கிலிருந்து ஒதுங்க வேண்டாம். 2015இல் அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று இதையே பார்த்தது. கணக்கைக் கண்டு பதறும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில், குழந்தைகள் அந்த ஆண்டில் குறைவாகவே கற்றார்கள், பதற்றமும் கூடியது. பெற்றோர் பதறினாலும் அதிகம் உதவாத வீடுகளில் அப்படி இல்லை. ‘எனக்கும் வராதுடா’ என்று ஆறுதலாகச் சொல்வதையும் நிறுத்திவிடுங்கள். குழந்தை அதைக் குடும்பச் சொத்தாக எடுத்துக்கொள்ளும்.

அதற்குப் பதில் விளையாடுங்கள். ராமானி, சீக்லர் என்ற ஆய்வாளர்கள் 2008இல் சோதித்த பலகை மிக எளிது: ஒரே வரிசையில் பத்துக் கட்டம், இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எண்கள், 1 அல்லது 2 மட்டும் விழும் சுழலி. பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகள் இரண்டு வாரத்தில் பதினைந்து நிமிட ஆட்டம் நான்கு முறை ஆடியதும் எண் அறிவு கூடியது. எண்ணுக்குப் பதில் வண்ணம் மட்டும் இருந்த பலகையில் ஆடியவர்களுக்குக் கூடவில்லை. ஒரு நுணுக்கம் முக்கியம். ஐந்தில் இருக்கும் காய் இரண்டு நகர்ந்தால் ‘ஒண்ணு, ரெண்டு’ என்று சொல்லக் கூடாது, ‘ஆறு, ஏழு’ என்று சொல்லி நகர்த்த வேண்டும். பெரிய குழந்தைக்கு நூறு வரை நீட்டலாம். கடையில் கிடைக்கும் பாம்பு ஏணிப் பலகைகளில் இரண்டாம் வரிசை வலமிருந்து இடமாக ஓடும். பத்து கூடினால் நேர் மேலே போகும் என்ற ஒழுங்கு அதில் தெரியாது. எல்லா வரிசையும் இடப்பக்கமே தொடங்கும்படி நீங்களே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மொபைல் ஆப் உதவுமா?

பதில்: தெரிந்ததைப் பழக உதவும். தெரியாததைக் கற்றுத் தருவது அரிது. குழந்தை ஐந்து நிமிடம் ஆடும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். யோசிக்காமல் எல்லா விடையையும் தட்டிப் பார்த்தே அடுத்த கட்டத்துக்குப் போக முடிந்தால் அழித்துவிடலாம்.

கேள்வி: எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. மூன்றாம் வகுப்பு முடியப் போகிறது. எப்போது நிபுணரிடம் போக வேண்டும்?

பதில்: கண்ணையும் காதையும் முதலில் பரிசோதியுங்கள். அவை சரியாக இருந்து, ஆறு மாதம் ஒழுங்கான தனிக் கவனிப்புக்குப் பிறகும் 4 + 2க்கு ஒன்றிலிருந்து எண்ணுவது, மூன்று புள்ளியைக்கூட எண்ணித்தான் சொல்வது, 6 பெரிதா 9 பெரிதா என்று தயங்குவது, நேற்று வந்தது இன்று சுத்தமாக இல்லாமல் போவது ஆகியவை தொடர்ந்தால் ‘டிஸ்கால்குலியா’ எனப்படும் கணிதக் கற்றல் குறைபாடு இருக்கலாம். நூறு குழந்தைகளில் 3 முதல் 7 பேருக்கு இருப்பதாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். வாசிப்பில் கெட்டியாக இருக்கும் குழந்தைக்கும் இருக்கலாம், அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

குழந்தை உளவியலாளரிடமோ சிறப்புக் கல்வியாளரிடமோ போகும்போது மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. தேதி போட்ட நோட்டுப் பக்கங்கள் பத்துப் பன்னிரண்டைக் கொண்டுபோங்கள். தப்பு விடைகளை ரப்பரால் அழித்திருக்கக் கூடாது. முதல் பதிலில் சொன்ன மூன்று பொத்தான் சோதனைகளில் என்ன நடந்தது என்றும் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளியில் மூன்று விஷயங்களை இப்போதே கேட்கலாம்: தேர்வில் கூடுதல் நேரம், மேசையில் எண்கோடும் பெருக்கல் கட்டமும் வைத்துக்கொள்ள அனுமதி, கரும்பலகையில் எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கணக்குக் கேட்காமல் இருப்பது.